இனிப்பை அடியோடு விடாமல் எடையைக் குறைக்க முடியுமா?

கேள்வி: பர்கூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38, உயரம் 158 சென்டிமீட்டர். தை பிறந்தபோது என் எடை 78 கிலோ. பர்கூரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 8 மணி வரை நாற்காலியை விட்டு எழுவது அரிது. முழங்கால் வலிக்காகப் பார்த்த மருத்துவர் எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஓர் எடைக் குறைப்பு மையத்தில் சேர்ந்தேன். அங்கே கொடுத்த தாளின் முதல் வரியே இனிப்பு அறவே கூடாது என்பதுதான். பொங்கல் கழிந்த மறுநாளிலிருந்து பாயசம், லட்டு, கேசரி எதையும் வாயில் வைக்கவில்லை. இரண்டு மாதத்தில் 4 கிலோ குறைந்தது.

யுகாதிக்கு ஓசூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். தோசைக்கல்லிலிருந்து எடுத்த ஒப்பட்டை (பருப்புப் போளி) அப்படியே இலையில் போட்டு, அதன் மேல் நெய் ஊற்றிய வாசனை எழுந்ததும், ஒன்று மட்டும் என்று கை நீட்டியவள் ஏழு சாப்பிட்டுவிட்டேன். மறுநாள் எடை பார்த்தால் ஒன்றரை கிலோ கூடியிருந்தது. இரண்டு மாத உழைப்பும் ஒரே நாளில் பாழாகிவிட்டதே என்று மனம் விட்டுப் போய், அடுத்த பத்து நாள்கள் கல்யாண ஜவுளி எடுக்க வருபவர்கள் கடையில் கொடுக்கும் இனிப்பு, வீட்டில் இருந்த கடலை மிட்டாய் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. இப்போது 76 கிலோவில் நிற்கிறேன். அந்த மையத்தில் கேட்டதற்கு எனக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அங்கே போகவில்லை.

இது மாம்பழக் காலம். வீட்டில் கூடை கூடையாகப் பழம் வந்து இறங்குகிறது. என் மாமியார் கச்சாயம் (அதிரசம்) சுட்டுத் தட்டில் வைத்துக் கொடுக்கும்போது வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடுகிறது. என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் அன்று அவரும் சாப்பிடுவதில்லை. இனிப்பை அளவாகச் சாப்பிட்டுக்கொண்டே எடையைக் குறைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? சர்க்கரைக்குப் பதில் வெல்லம் சேர்த்தால் பரவாயில்லையா? மாம்பழத்தை அறவே ஒதுக்க வேண்டுமா? மற்றபடி உணவில் நான் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன். காலையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும், மதியம் அளவாகச் சோறு, இரவில் இரண்டு சப்பாத்தி. கடையில் நான்கு வேளை தேநீர் வரும். மாலையில் பசித்தால் இரண்டு நிப்பட்டு (தட்டை). அவ்வளவுதான்.

பதில் 1: பாலக்கோடு ஆசிரியை

சகோதரிக்கு வணக்கம். நான் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். 82 கிலோவிலிருந்து 68 கிலோவுக்கு வர எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த எடையில் மூன்று ஆண்டுகளாக நிற்கிறேன். அந்த ஒன்றரை ஆண்டில் இனிப்பு சாப்பிடாத வாரம் ஒன்றுகூட இல்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, முடியும் என்று என் அனுபவத்திலிருந்தே உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஏழு ஒப்பட்டைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் சுமந்துகொண்டிருக்கும் குற்ற உணர்ச்சி முழுவதும் அதில்தான் இருக்கிறது. பூரணத்துப் பருப்பு, வெல்லம், மேல் மாவு, எண்ணெய், நெய் எல்லாவற்றையும் கூட்டினால் வீட்டில் தட்டும் நடுத்தர அளவு ஒப்பட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி வரும். ஏழுக்கு 1,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். அந்தக் கணக்கில் அன்று நீங்கள் சேர்த்த கொழுப்பு, மிக அதிகமாகப் போனாலும், 200 கிராம் அளவுதான். மறுநாள் காட்டிய ஒன்றரை கிலோவில் பெரும் பங்கு தண்ணீர். இனிப்பிலும் மாவிலும் இருக்கும் மாவுச்சத்தை உடல் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கிறது; விருந்தில் சாப்பிட்ட அப்பளம், ஊறுகாய், சாம்பார் ஆகியவற்றின் உப்பும் தன் பங்குக்கு நீரைத் தேக்குகிறது. நீங்கள் பழையபடி சாப்பிடத் தொடங்கியிருந்தால் மூன்று நான்கு நாளில் அந்த எடை தானாகவே இறங்கியிருக்கும். உங்களைப் பின்னுக்கு இழுத்தவை அடுத்த பத்து நாள்களே ஒழிய அந்த ஏழு ஒப்பட்டு அல்ல. அந்தப் பத்து நாள்களுக்கும் காரணம், ஒரு விள்ளல் பட்டாலே எல்லாம் போயிற்று என்று உங்களை நம்பவைத்த அந்தத் தாள்தான். மன உறுதி போதவில்லை என்று உங்களிடம் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. இரண்டு மாதம் வாயைக் கட்டியவருக்கா மன உறுதி இல்லை?

அடுத்ததாக, நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய தேநீருக்கு வருகிறேன். தாளில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை போலும். கடைத் தேநீரில் வழக்கமாக இரண்டு கரண்டிச் சர்க்கரை இருக்கும். கரண்டிக்கு 5 கிராம் என்றால் நான்கு வேளைக்கு 40 கிராம், அதாவது 160 கலோரி. முப்பது நாளைக்கு 4,800 கலோரி. மாதம் ஒரு முறை நீங்கள் இருபது ஒப்பட்டு சாப்பிடுவதற்கு அது சமம். அதிலும் ஒப்பட்டின் சுவையோ வாசனையோ நிறைவோ இல்லாமல், கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டுக் கண்ணாடி டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைய மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியிருக்கிறது. எடையைக் குறைக்க நினைத்து நாளுக்கு 1,600 கலோரி சாப்பிடுபவருக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு சரியாக 40 கிராம். உங்கள் தேநீரே அதை முடித்துவிடுகிறது. இனிப்புக்கு இடமே இல்லாமல் போவது அதனால்தான்.

நான் செய்தது இதுதான். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு மாதத்தில் தேநீரில் சர்க்கரையை நிறுத்தினேன். முதல் வாரம் கசந்தது. இப்போது யாராவது சர்க்கரை போட்டுக் கொடுத்தால் குடிக்க முடிவதில்லை. அங்கே மிச்சமானதை எனக்கு உண்மையிலேயே பிடித்த இனிப்புக்குக் கொடுத்தேன். வாரத்தில் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். எத்தனை என்பதைத் தட்டு வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வேன், ஏனென்றால் தட்டு வந்த பிறகு முடிவு செய்வது நாக்கு. வெறும் வயிற்றில் சாப்பிட மாட்டேன். கொள்ளுக் கடைசல், பருப்பு, முட்டை என்று ஏதாவது புரதமும் ஒரு காயும் முதலில் உள்ளே போன பிறகுதான் இனிப்பு. அப்படிச் செய்தால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை, வயிறும் ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கும். ஒப்பட்டு உண்டு என்று தெரிந்த நாளில் சோற்றில் ஒரு கிண்ணத்தைக் குறைத்துவிடுவேன். பருப்பையும் காயையும் குறைக்க மாட்டேன். பெரும்பாலானோர் இங்கேதான் தவறுகிறார்கள். இனிப்புக்கு ஈடாக முழு வேளைச் சாப்பாட்டையே விட்டுவிட்டு, இரவு பத்து மணிக்குச் சமையலறையில் டப்பாவைத் தேடுகிறார்கள்.

சாப்பிடும்போது உட்கார்ந்து சாப்பிடுங்கள். கச்சாயத்தை நான் நான்காக விண்டு வைத்துக்கொள்வேன். ஓரத்தில் மொறுமொறுப்பாகவும் நடுவில் மெத்தென்றும் இருக்கும் அந்த வேறுபாடு முதல் இரண்டு விள்ளலில் நன்றாகத் தெரியும், மூன்றாவதில் குறையும், இரண்டாவது கச்சாயத்துக்குப் போனால் கை மட்டும்தான் வேலை செய்துகொண்டிருக்கும். நின்றுகொண்டு, பேசிக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு தின்றது எத்தனை என்று எவருக்கும் நினைவிருப்பதில்லை.

பதில் 2: தருமபுரி இனிப்புக் கடைக்காரர்

அம்மா, நான் இருபத்தைந்து ஆண்டுகளாக அடுப்படியில் நிற்பவன். இனிப்பு விற்பவன் இதைப் பேசலாமா என்று நினைக்க வேண்டாம். என் மனைவிக்கு நீரிழிவு வந்த பிறகு, எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியதால் எழுதுகிறேன்.

எல்லா இனிப்பும் ஒன்றல்ல. மைசூர்பாகுக்கு எங்கள் பட்டறையில் ஒரு கிலோ கடலை மாவுக்கு இரண்டரை கிலோ சர்க்கரையும் இரண்டரை கிலோ நெய்யும் போகும். ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் மாவைத் தூவிக் கிளறிக்கொண்டே காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவோம். பூத்து வரும்போது அந்த நெய் முழுவதும் உள்ளேயே நின்றுவிடுகிறது. 30 கிராம் துண்டு ஒன்றில் 12 கிராமுக்கு மேல் நெய் இருக்கும். சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி, நெய் 9 கலோரி. ஆகவே அந்தச் சின்னத் துண்டே 180 கலோரியைத் தொடும். எடை கூட்டுவதில் சர்க்கரையைவிட நெய்யும் எண்ணெயும்தான் முந்தி நிற்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இனிப்பை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு காரத்தை அள்ளுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் நிப்பட்டும் எண்ணெயில் பொரித்ததுதான் அம்மா. அந்த நேரத்துக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ வைத்துக்கொண்டால் வயிறும் நிற்கும்.

கச்சாயத்துக்கு உங்கள் மாமியாரிடம் ஒரு யோசனை சொல்லுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து நன்றாக அழுத்திப் பிழிந்து, பிறகு சாய்வாக அடுக்கி வடியவிட வேண்டும். சூடு ஆறுவதற்குள் செய்தால்தான் எண்ணெய் வெளியே வரும். பாகு உருட்டுப் பதத்தில் சரியாக இருந்து, மாவு இரண்டு மூன்று நாள் புளித்து இறுகியிருந்தால் எண்ணெய் குடிப்பதும் குறைவு. மாவை எலுமிச்சை அளவு எடுப்பதற்குப் பதில் பெரிய நெல்லிக்காய் அளவு எடுத்துத் தட்டச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறையாது, தட்டும் நிறைந்திருக்கும், அவர் மனமும் நோகாது.

கடைக்கு வந்தால் அரைக் கிலோ பெட்டி வாங்காதீர்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு துண்டு எடை போட்டுத் தரச் சொல்லுங்கள். பெட்டியில் மிஞ்சும் இனிப்பு யாருடைய பசிக்கும் சாப்பிடப்படுவதில்லை. கெட்டுவிடுமே என்ற கவலைக்குத்தான் சாப்பிடப்படுகிறது.

பதில் 3: காவேரிப்பட்டணம் மாந்தோப்புக்காரர்

மாம்பழத்தை ஒதுக்க வேண்டியதில்லை சகோதரி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்துவிட்டு இந்தக் காலத்தில் பழத்தைத் தொடாமல் இருப்பது தண்டனை. நூறு கிராம் சதையில் ஏறக்குறைய 60 கலோரி, சர்க்கரை 14 கிராம் அளவு, கொஞ்சம் நார்ச்சத்தும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு செந்தூராவோ ஒரு நீலமோ என்று கணக்கு. மல்கோவாவும் இமாம் பசந்தும் பெரிய பழங்கள். ஒன்றை மூன்று பேர் பகிர வேண்டும். பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போய்விடும், ஆனால் அரைப் பழுப்பில் துண்டு போட்டுச் சாப்பிட்டால் மென்று தின்ன வேண்டியிருப்பதால் அளவு தானாக நிற்கும்.

பழச்சாறாக அடித்தால்தான் சிக்கல். மூன்று பழம் ஒரு டம்ளரில் அடங்கிவிடும், கூடச் சர்க்கரையும் சேரும். வயிறு நிறைய உண்ட பிறகு பழத்தைச் சேர்க்காமல், மாலை நேரத் தீனிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். தோப்பில் வேலை செய்யும் நாங்கள் உண்ணும் அளவைக் கணக்கு எழுதும் நீங்கள் உண்ண வேண்டாம் என்பதையும் உரிமையோடு சொல்கிறேன்.

பதில் 4: அரூர், ஓய்வு பெற்ற செவிலியர்

மற்றவர்கள் சொன்ன வழிகள் நல்லவையே. எனினும் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. உங்கள் உயரத்துக்கு 76 கிலோ என்றால் உடல் நிறை எண் 30-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 25-லிருந்தே உடற்பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு, இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் ஒரு முறை செய்துகொள்ளுங்கள். அது 5.7-க்குக் கீழ் இருந்தால் நிம்மதி, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அப்போது இனிப்பின் அளவை இங்கே கேட்டு முடிவு செய்யக் கூடாது, மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஏற்கெனவே நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு உணவைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உடல் வியர்த்து, கை நடுங்கி, மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டவர்களை நான் பணியில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெல்லத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பக்கம் ஆலைக் கொட்டகையில் காய்ச்சும்போது நின்று வாங்கி வருவதால் வெல்லத்தின் மீது நமக்கு ஒரு பாசம் இருக்கிறது. அதில் சிறிதளவு இரும்பும் தாது உப்புகளும் இருப்பது உண்மை. ஆனால் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 380 கலோரி. சர்க்கரையோடு ஒப்பிட்டால் வேறுபாடு சொற்பம். கருப்பட்டிக்கும் தேனுக்கும் இதே நியாயம்தான். சுவைக்காக வெல்லத்தைத் தேர்ந்தெடுங்கள். எடை குறையும் என்று நம்பி இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். ராகி லட்டு, சாமைப் பாயசம் என்று பெயர் மாறினாலும் உள்ளே போகும் வெல்லமும் நெய்யும் மாறுவதில்லை. ராகியில் சுண்ணாம்புச்சத்து மிகுதி என்பதற்காக லட்டை எண்ணாமல் சாப்பிடலாம் என்று ஆகாது.

சர்க்கரைக்குப் பதிலான செயற்கை இனிப்புகளை எடைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

இன்னும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இரவு எட்டு மணிக்குக் கடையிலிருந்து வந்து வீட்டு வேலை முடித்து எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? ஆறு மணி நேரத் தூக்கம்கூட இல்லாதவர்களுக்கு மறுநாள் இனிப்பின் மீதும் பொரித்ததின் மீதும் நாட்டம் கூடும். அதை நீங்கள் உங்கள் குணக்கேடு என்று எண்ணிவிட வேண்டாம்.

பர்கூர் வாசகி (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பரிசோதனை செய்தேன், 5.6 வந்திருக்கிறது. தேநீரை இரண்டு வேளையாக்கி, சர்க்கரையை அரைக் கரண்டிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கடைப் பையனிடம் எனக்கு மட்டும் தனி டம்ளர் என்று சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்தேன். சொன்ன பிறகு முதலாளியும் அப்படியே கேட்கத் தொடங்கிவிட்டார். மாமியாரிடம் இனிப்பே வேண்டாம் என்று சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்களோடு உட்கார்ந்து இரண்டு சாப்பிடுகிறேன் அத்தை என்றேன். அவர் சிறியதாகத் தட்டி, கரண்டியால் அழுத்திப் பிழிந்து, வடிந்த எண்ணெயை எனக்குக் காட்டினார். இப்போது எடை 74.8 கிலோ. மூன்றாவது கச்சாயத்துக்குக் கை போகவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒரு ஞாயிறு அப்படிக் கை போய்விட்டது.

ஒரே ஒரு சந்தேகம். அடுத்த மாதம் கொழுந்தன் திருமணம். தொடர்ந்து மூன்று நாள் விருந்து, இரண்டு நேரமும் இலையில் இனிப்பு இருக்கும். அந்த மூன்று நாளுக்கு என்ன செய்வது?

பாலக்கோடு ஆசிரியை

மிக்க மகிழ்ச்சி சகோதரி. அந்த மூன்று நாளில் எடை குறைய வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கூடாமல் இருந்தால் போதும். இலையில் வைப்பதையெல்லாம் உண்ண வேண்டிய கட்டாயம் இல்லை. எப்போதும் கிடைக்கும் கேசரியையும் லட்டையும் விட்டுவிட்டு, ஒப்பட்டு வரும் பந்திக்காகக் காத்திருங்கள். பந்தியில் இனிப்பை முதலில் வைப்பார்கள். அதை இலையின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டுப் பொரியல், கூட்டு, பருப்பு எல்லாம் ஆன பிறகு கடைசியாக எடுங்கள். கொழுந்தன் கல்யாணம் என்றால் பரிமாறும் பொறுப்பு உங்களுக்கும் வரும். சமையல்கட்டில் நின்றபடி வாயில் போட்டுக்கொள்வதுதான் அன்று மிகப் பெரிய ஆபத்து. கல்யாணம் முடிந்து சீர் வரிசையோடு வரும் பலகாரக் கூடையை மறுநாளே பங்காளி வீடுகளுக்கும் கடைப் பையன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். எடை பார்க்கும் கருவியில் ஐந்து நாள் கழித்து ஏறுங்கள். அதற்கு முன் ஏற வேண்டாம்.